கீழ்முனைத் தண்ணீர்

அக்டோபர் 10, திங்கள்

அவன்தான். சந்தேகமே இல்லை. தலை பாதி வழுக்கை, கண்ணாடி புதிது, தொப்பை வந்திருக்கிறது. ஆனால் பேசும்போது பேனா மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டுகிற அந்தக் கை மாறவில்லை. திருவேங்கடம். விமான நிலைய ஓடுபாதையை நீட்டும் ஒப்பந்தக் கம்பெனியில் சுற்றுச்சூழல் மேலாளர் என்று கழுத்தட்டையில் போட்டிருக்கிறது. சுற்றுச்சூழலாம்! படித்ததும் சிரிப்பு வந்துவிட்டது. இருமல் என்று சமாளித்தேன்.

"வாங்க மேடம். வெயில்ல வந்திருக்கீங்க, டீ சாப்பிடறீங்களா?" என்றான்.

என்னை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. ஏழு வருடத்தில் நானும் எட்டு கிலோ ஏறியிருக்கிறேன், காதோரம் நரைத்திருக்கிறது, அதெல்லாம் சரி. ஆனாலும் ஒருத்தியின் பிழைப்பில் மண்ணைப் போட்டவனுக்கு அவள் முகம் நினைவிருக்க வேண்டாமா? டீயை வாங்கிக் குடித்தேன். நன்றாகவே இருந்தது, அது வேறு எரிச்சல்.

சாயப்பட்டறைகள் நிறைந்த ஊரில் ஒரு லேப். அப்போது அவன் என் மேலதிகாரி. நான் பார்த்து எழுதிய எண்கள் ஒன்று, அறிக்கையில் ஏறிய எண்கள் வேறு. அடியில் என் கையெழுத்து மட்டும் அப்படியே இருந்தது. கிணறுகள் கெட்டு விசாரணை வந்தபோது, "ஆவுடைநாயகிதான் பாத்தாங்க, நான் நம்பிட்டேன்" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டான். நான்கு வருடம் எந்த லேபிலும் நான் தண்ணீரைத் தொடக்கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. தண்ணீர் கேன் கம்பெனியில் கேனுக்கு மூடி அழுத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் "எம் மக அப்படிச் செய்யமாட்டா" என்று சொல்லிச் சொல்லியே அம்மா போய்ச் சேர்ந்தாள்.

தடைக்காலம் முடிந்ததும் என்னை நம்பி வேலை கொடுத்தவர் இப்போதைய லேபை நடத்தும் கிருபாகரன் சார். இப்போது அவர் அனுப்பி வந்திருக்கிறேன். வேலை இதுதான்: ஓடுபாதைக்கு மண் நிரப்புகிற இடத்தின் ஓரமாக நரிப்பாறை ஓடை போகிறது. அது வேலையிடத்துக்குள் நுழையும் முன் ஓர் இடம், தாண்டிய பின் ஓர் இடம். மேல்முனை, கீழ்முனை என்கிறோம். வாரம் ஒருமுறை இரண்டிலும் தண்ணீர் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கொடுத்த அனுமதியின் நிபந்தனை. மேலே தெளிவாக வருகிற தண்ணீர் கீழே கெட்டுப் போனால் குற்றம் கம்பெனியுடையது. வேலையை நிறுத்திவிடுவார்கள்.

நிறுத்த வைக்கிறேன். இந்த நோட்டை வாங்கியதே அதற்காகத்தான்.

அக்டோபர் 12, புதன்

மிக்ஸி ரிப்பேர். அம்மியில் துவையல் அரைத்தேன். அவனை நினைத்துக்கொண்டு அரைத்ததில் நன்றாக மசிந்தது.

அக்டோபர் 17, திங்கள்

முதல் தண்ணீர் எடுத்தேன்.

ஓடையில் இறங்கினால் தண்ணீர் வருகிற திசையைப் பார்த்து நிற்க வேண்டும். நம் கால் பட்டு எழும்புகிற சேறு பின்னால் போய்விடும். பாட்டிலை முன்னால் நீட்டி, வாயைத் தண்ணீருக்குள் விட்டு, நிரம்பியதும் எடுக்க வேண்டும். படித்த காலத்தில் முதலில் கற்றுக்கொண்டது இதைத்தான். pH என்கிற கார அளவை மட்டும் அங்கேயே மீட்டரை விட்டுப் பார்த்துத் தாளில் எழுதிவிட வேண்டும், லேபுக்குப் போவதற்குள் அது மாறிவிடும். ஆறரையிலிருந்து எட்டரை வரை இருந்தால் நல்ல தண்ணீர். தாளிலும் பாட்டில் முத்திரையிலும் நான் ஒரு கையெழுத்து, கம்பெனி சார்பில் அவன் ஒரு கையெழுத்து. பிறகு ஐஸ் பெட்டி.

மேல்முனை 7.6. கீழ்முனை 7.7. கண்ணால் பார்த்தாலே தெரிகிறது, கீழேயும் தண்ணீர் தெளிவு.

அக்டோபர் 20, வியாழன்

லேப் முடிவு வந்தது. ஒரு குறையும் இல்லை. மண் சரிவில் தடுப்புத் துணி கட்டியிருக்கிறான், கலங்கல் தங்குவதற்கு மூன்று குழி வெட்டியிருக்கிறான், லாரி சக்கரத்தைக்கூடக் கழுவித்தான் வெளியே விடுகிறான். திருவேங்கடம் ஒழுங்காக வேலை செய்கிறான்! இதைவிட எனக்கு என்ன அநியாயம் வேண்டும்.

அக்டோபர் 24, திங்கள்

தீபாவளி. சைட் விடுமுறை. அக்கா வீட்டுக்கு வரச் சொன்னாள். தலைவலி என்று சொல்லிவிட்டேன். அத்தானின் அண்ணன் இன்னும் என்னை "கையெழுத்து" என்றுதான் சொல்கிறாராம்.

அக்டோபர் 31, திங்கள்

கீழ்முனையில் இன்று வாத்துக்கூட்டம். நானூறு இருக்கும். தண்ணீரை ஒரே கலங்கலாக்கி வைத்திருந்தன. மேய்க்கிறவர் பெயர் சுடலைக்கண்ணு, அம்பாசமுத்திரம் பக்கம். அறுப்பு முடிந்த வயல்களாகப் பார்த்து ஓட்டிக்கொண்டு வருவாராம். மழை ஓயும்வரை இந்த ஓடைக்கரையில்தான் பட்டி போட்டிருப்பாராம்.

"தண்ணிய அள்ளிட்டுப் போய் என்னம்மா செய்வீங்க?" என்றார்.

"லேபுல பாப்போம் அண்ணாச்சி. நல்லாருக்கா கெட்டிருக்கான்னு."

"அதுக்கு இத்தன பாட்டிலா? எம் வாத்துட்ட கேட்டா சொல்லிட்டுப் போவுது."

"வாத்து கையெழுத்துப் போடாதுல்லா."

அவர் சிரித்த சிரிப்பில் இரண்டு வாத்து பறந்தன. நானும் சிரித்தேன். அரை மணி நேரம் வாத்துகளைக் கரைக்கு மேலே ஓட்டிவிட்டு, தண்ணீர் தெளியக் காத்திருந்து எடுத்துக் கொடுத்தார். இந்த வேலையில் எனக்கு ஒத்தாசை செய்த ஒரே மனிதர். வாத்துகளில் நொண்டி நடக்கிற ஒன்றுக்கு "கலெக்டர்" என்று பேர் வைத்திருக்கிறார்.

கீழ்முனை 7.7. நாசமாய்ப் போக.

நவம்பர் 7, திங்கள்

சரியாக இருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கிறது. இன்று அவன் என்னிடம், "உங்க கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு மேடம்" என்றான். மூடியைக் கழற்றினான், மாட்டினான். ஒரு நொடி அந்த ஐஸ் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் போட்டால் என்ன என்று தோன்றியது. "தேங்க்ஸ் சார்" என்றேன்.

நவம்பர் 11, வெள்ளி

மழை கொட்டுகிறது. கொட்டட்டும். தடுப்புத் துணி பிய்த்துக்கொண்டு போகட்டும், குழி உடையட்டும், செம்மண் முழுவதும் ஓடைக்குள் இறங்கட்டும். சாமி படத்துக்கு முன்னால் நின்று இதைத்தான் கேட்டேன். வேறு யாராவது கேட்டால் பாவம் என்று சொல்லியிருப்பேன்.

நவம்பர் 14, திங்கள்

மழை விட்டிருக்கிறது. துணி பிய்யவில்லை. குழி உடையவில்லை. மேல்முனையில் எடுத்தேன், பிறகு கீழ்முனை. அவன் கரையில் முதுகைக் காட்டி நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். சுடலைக்கண்ணு வாத்துகளோடு தூரத்து வயலில் இருந்தார். இறங்கும்போது கால் வழுக்கியது. பாட்டிலை நிரப்பி மூடினேன். அவன் வந்து, பாட்டிலைப் பார்க்காமலேயே முத்திரையில் கையெழுத்துப் போட்டான்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழுவினேன். புடவைக் கரையில் சேறு. இரண்டு முறை சோப்புப் போட்டும் போகவில்லை.

நவம்பர் 17, வியாழன்

அனுமதித்த அளவைப் போல ஐந்து மடங்கு கலங்கல்! வாரியம் அன்றைக்கே உத்தரவு போட்டுவிட்டது: அடுத்த இரண்டு முறை தண்ணீர் சரியாக வரும்வரை எல்லா வேலையும் நிறுத்தம். ஐம்பது லாரிகள் வரிசையாக நிற்கின்றன. நடுவில் வெயிலில் அவன் நிற்கிறான். போன் மாற்றிப் போன். "ஆமா சார், தெரியல சார், பாக்கறேன் சார்." இந்த "சார்"களை நான் ஏழு வருடமாகக் காத்திருந்து கேட்டேன். காது குளிர்ந்தது.

திரும்பும் வழியில் மீன் வாங்கிக் குழம்பு வைத்து, அப்பளம் பொரித்து, ஒரு ஆளாக உட்கார்ந்து மூன்று ஆள் சாப்பாடு சாப்பிட்டேன். சந்தோஷமாக இருக்கிறேன். அதை எழுதுவதற்கு என்ன வெட்கம்? ரொம்பச் சந்தோஷமாக இருக்கிறேன்.

நவம்பர் 21, திங்கள்

இன்றைய தண்ணீர் ஒழுங்காக எடுக்கப்பட்டது. அவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போய்விட்டான். டீ மட்டும் வந்தது.

நவம்பர் 22, செவ்வாய்

கிருபாகரன் சார் போன் செய்தார். "நாயகி, அந்தக் கம்பெனி ஆளு லேபுக்கு வந்திருந்தாருமா. பதினாலாம் தேதி பில்டர் தாளப் பாக்கணும்னாரு. பாக்குறதுக்கு அவங்களுக்கு உரிமை இருக்குல்லா, காட்டினேன். போட்டோ எடுத்துட்டுப் போனாரு."

கலங்கலை அளக்க, ஒரு லிட்டர் தண்ணீரை வெள்ளைத் தாளில் வடிகட்டி, தாளைக் காய வைத்து எடை போடுவார்கள். தாளை ஒரு மாதம் வைத்திருப்பார்கள். யாரும் அதை வந்து பார்ப்பதில்லை. இவன் ஏன் பார்த்தான்?

நவம்பர் 23, புதன்

வரச் சொல்லி ஆள் அனுப்பினான். தகரக் கொட்டகை ஆபீஸ். உள்ளே அவன் மட்டும். மேஜையில் போனை வைத்து என் பக்கம் திருப்பினான். பில்டர் தாளின் படம்.

"என்ன நிறம் மேடம்?"

போனைக் கையில் எடுத்துப் பார்த்தேன்.

"எங்க மண்ணு செம்மண். சைட்ல எங்க தோண்டினாலும் செவப்புதான். இது கரிசல். ஓடைக்கு அடியில கெடக்கிற சேறு. யாராவது காலால கெளறி விட்டா ஒழிய அது பாட்டிலுக்குள்ள வராது."

எடை எழுதப் படிவத்தில் கட்டம் உண்டு. நிறம் எழுதக் கட்டம் கிடையாது. பதினைந்து வருடம் கட்டம் நிரப்பியே பழகிய புத்தி, கட்டம் இல்லாத ஒன்றைப் பற்றி யோசிக்கவே இல்லை. தெரு நாய்க்குக்கூடத் தெரிந்திருக்கும், இந்த மண் சிவப்பு என்று.

"என்னைய யாருன்னு..." என்று தொடங்கினேன்.

"மொத நாளே தெரியும். ஆவுடைநாயகிங்கறது மறக்கற பேரா? நீங்க என்னைக்காவது ஒரு நாள் வழுக்குவீங்கன்னு காத்துக்கிட்டிருந்தேன்." பேனா மூடியைக் கழற்றினான். "இதை வாரியத்துக்குக் காட்டினா இந்தத் தடவ நாலு வருஷம் இல்ல, ஆயுசுக்கும் தடை. அன்னைக்கு நீங்க செய்யலைன்னு சொன்னதையும் எவனும் நம்ப மாட்டான். ஆனா நான் காட்ட மாட்டேன். எனக்கு ரெண்டு வாரம் போகுது. அதை நான் எடுத்தாகணும். நான் சொல்றத எழுதுங்க, அவ்வளவுதான்."

அவன் குரல்வளை என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது.

"சரி சார்" என்றேன்.

நவம்பர் 24, வியாழன்

"அன்னைக்கு நீங்க செய்யலைன்னு சொன்னதையும் எவனும் நம்ப மாட்டான்." ஆக, நான் செய்யவில்லை என்பது அவனுக்கு எப்போதும் தெரிந்தே இருக்கிறது.

நவம்பர் 28, திங்கள்

இரண்டாவது முறையும் தண்ணீர் சரியாக வந்தது. சரியாக வராமல் என்ன. வேலை தொடங்க உத்தரவு வரும்.

டிசம்பர் 5, திங்கள்

வேலை மும்முரம். மண் வேலை முடிந்து கான்கிரீட் போடத் தொடங்கிவிட்டார்கள். இழந்த நாட்களை எடுக்க இரண்டு ஷிப்ட். கலவை லாரிகளைக் கழுவ ஒரே ஒரு குழிதான் வெட்டியிருக்கிறார்கள். திட்டத்தில் மூன்று என்று இருக்கிறது. கேட்டேன்.

"டைம் எங்க இருக்கு மேடம்? டைமை யாரு தின்னாங்க?" என்றான்.

சிமென்ட் கழுவிய தண்ணீர் சுண்ணாம்புத் தண்ணீர் மாதிரி. தோல் பட்டால் வெந்துவிடும். இதை அவனுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

டிசம்பர் 12, திங்கள்

மேல்முனை 7.6.

கீழ்முனையில் மீட்டரை விட்டேன். 11.7. கழுவித் துடைத்து மறுபடி விட்டேன். 11.7. குழி நிரம்பி வழிந்து, ஓரமாக வாய்க்கால் வெட்டி ஓடையில் விட்டிருக்கிறார்கள். தண்ணீர் பால் மாதிரி. கரைக் கல்லெல்லாம் வெள்ளை பூத்திருக்கிறது. ஒரு கெண்டை வயிற்றைக் காட்டி மிதந்து போனது.

"7.9 போடுங்க" என்றான் பக்கத்தில் நின்றுகொண்டு. "பாட்டில்ல மேல்முனைத் தண்ணியையே ரொப்பிக்குங்க. ரெண்டு நாள்ல புதுக் குழி ரெடியாயிடும். யாருக்கு என்ன நட்டம்?"

7.9 என்று எழுதினேன். பாட்டிலையும் நிரப்பினேன். கீழே கையெழுத்துப் போட்டேன். அழகான கையெழுத்து.

டிசம்பர் 13, செவ்வாய்

ஜன்னல் திரைகளைத் துவைத்தேன். பரணைச் சுத்தம் செய்தேன். கேஸ் அடுப்பைப் பிரித்துத் துடைத்தேன். அரிசியில் வண்டு, வெயிலில் பரப்பினேன். உட்காரவே இல்லை.

டிசம்பர் 14, புதன்

பரப்பிய அரிசியைத் திரும்பப் புடைத்தேன். நேற்றே புடைத்ததுதான்.

டிசம்பர் 15, வியாழன்

லேப் வாசலில் யாரோ என்னைத் தேடி வந்திருக்கிறார்கள் என்றார்கள். போய்ப் பார்த்தால் சுடலைக்கண்ணு. இரண்டு காலிலும் முழங்கால்வரை வேட்டித்துணி சுற்றியிருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்கிறார்.

"யம்மா, செவ்வாக்கெழம விடியல்ல பட்டியத் தொறந்து விட்டேன். தாகத்துல எல்லாம் ஒரே ஓட்டமா எறங்கிட்டு. எறங்குன வேகத்துல கத்துது பாருங்க, நான் அப்படிச் சத்தம் கேட்டதே இல்ல. நானும் உள்ள குதிச்சி வெரட்டுதேன், வெரட்டுதேன், பாதி கூட வெளிய வரல." துணியை அவிழ்த்துக் காட்டினார். தோல் உரிந்து, நீர் கோத்து, பார்க்க முடியவில்லை. "நூத்து அறுவது செத்துப் போச்சு. மிச்சம் கண்ணே தொறக்க மாட்டேங்கு. கண்ணு தெரியாத வாத்து எப்படிம்மா மேயும்?"

"ஆஸ்பத்திரிக்குப் போனீங்களா அண்ணாச்சி?"

"போனேன். மருந்து போட்டாவ. அது கெடக்கட்டும். சைட் ஆபீஸ்ல போய்க் கேட்டேன். ஒரு தாளக் காட்டுதாவ. மொத நாளு பாத்தப்ப தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு, நீ வாத்துக்கு என்ன தீனி போட்டியோன்னு சொல்லுதாவ. தண்ணி பாக்குற அம்மாவே கையெழுத்துப் போட்டுருக்காவன்னு சொன்னாவ. நான் நம்பல. அந்த அம்மா அப்படிச் செய்யமாட்டாவன்னு சொல்லிட்டு வந்துட்டேன். நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

அம்மா சொன்ன அதே வார்த்தை. அப்போது அது உண்மையாக இருந்தது.

"பாக்குறேன் அண்ணாச்சி" என்றேன். பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ வைத்து அனுப்பினேன்.

டிசம்பர் 16, வெள்ளி

எங்கள் மீட்டர் பழைய காலத்து மீட்டர் இல்லை. பார்க்கிற ஒவ்வொரு அளவையும் தேதி, நேரத்தோடு தனக்குள் வைத்துக்கொள்கிறது. அவன் லேப் வேலையை விட்டுப் போன பிறகு வந்த வசதி, அவனுக்குத் தெரியாது. பொத்தானை அழுத்தினேன். டிசம்பர் 12, காலை 9.42: 11.7. 9.46: 11.7.

இது போதும் அவனுக்கு. ஆனால் இதை மட்டும் கொண்டுபோனால் மறுநிமிடம் அவன் கறுப்புத் தாளை எடுப்பான். "இந்தம்மா சேத்தைக் கெளறின அம்மா, மீட்டரையும் சுண்ணாம்புத் தண்ணில விட்டிருப்பாங்க" என்பான். எல்லாரும் தலையாட்டுவார்கள். நானே அந்த இடத்தில் இருந்தால் தலையாட்டுவேன். அவன் கையில் இருக்கிற கத்தியைப் பிடுங்க ஒரே வழிதான் உண்டு, அதை நானே என் மேல் பாய்ச்சிக்கொள்வது.

வாரியத்துக்கு எழுதினேன். முதல் பத்தி: நவம்பர் 14 அன்று என் கால் வழுக்கவில்லை. திரும்பி நின்று, அடிச்சேற்றைக் காலால் கிளறி, பாட்டிலை நிரப்பினேன். இரண்டாம் பத்தி: டிசம்பர் 12 அன்று 11.7 என்று பார்த்து, 7.9 என்று எழுதினேன். மூன்றாம் பத்தி: எழுதச் சொன்னது யார், என்ன சொல்லி மிரட்டினார். மீட்டரில் இருந்த பதிவையும் இணைத்தேன்.

மனம் திருந்தி எழுதியதாக யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். எழுதும்போது சுடலைக்கண்ணுவின் கால் கண்முன் இருந்தது, அது உண்மை. அவன் முகம் அதைவிடப் பெரிதாக இருந்தது, அதுவும் உண்மை.

கிருபாகரன் சாரிடம் முதலில் சொன்னேன். "எம் பேரையும் சேத்து முக்கிட்டியம்மா" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

டிசம்பர் 19, திங்கள்

வாரியத்தின் மாவட்டப் பொறியாளர் மெஹருன்னிசா மேடம் நேரில் வந்தார். வெட்டிய வாய்க்காலை மூடி மேலே ஜல்லி கொட்டி வைத்திருந்தார்கள். கரைக் கல்லில் பூத்த வெள்ளையை யாரும் கழுவவில்லை. அதைச் சுரண்டி எடுத்துக்கொண்டு போனார்.

டிசம்பர் 21, புதன்

விசாரணை. நீளமான மேஜை. எனக்கு நேர் எதிரே அவன், பக்கத்தில் கம்பெனி வக்கீல்.

கறுப்புத் தாள் படத்தை அவன் எடுக்கும் முன்பே மேடம் என் கடிதத்தின் முதல் பத்தியைச் சத்தமாகப் படித்தார். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்காகவே கண்ணாடி துடைத்துக்கொண்டு போயிருந்தேன். போனைச் சட்டைப்பைக்குள் திரும்ப வைத்தான். பேனா மூடி கீழே விழுந்து உருண்டது, குனிந்து எடுக்கவில்லை.

"மேடம், இது பழிவாங்கற வேலை," என்றான். குரல் கம்மியிருந்தது. "இவங்களுக்கு என் மேல பழைய பகை. ஏழு வருஷமா மனசுல வச்சிருந்து செய்றாங்க."

மேடம் என்னைப் பார்த்தார்.

"ஆமா மேடம்," என்றேன். "சார் சொல்லுதது சரிதான். பழிதான் வாங்குதேன். அதையும் எழுதிக்கிடுங்க. அந்தப் பழைய பகை என்னன்னு சார்ட்ட கேட்டு அதையும் எழுதிக்கிடுங்க."

கேட்டார்கள். அவன் தண்ணீர் குடித்தான். மறுபடி குடித்தான். வக்கீல் காதில் ஏதோ சொன்னார். "அந்த லேப்ல நம்பர்கள்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டான். நிறுத்தியதையும் மேடம் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்தபோது கால் தரையில் பாவவில்லை. இவ்வளவு இனிப்பாக இருக்கும் என்று நான் நினைக்கவேயில்லை.

ஜனவரி 6, வெள்ளி

சுற்றறிக்கை வந்துவிட்டது. கம்பெனியின் அனுமதி நிறுத்தம், மூன்று குழியும் வெட்டி, ஓடையைச் சுத்தம் செய்து காட்டும்வரை. திருவேங்கடத்தைக் கம்பெனி நீக்கிவிட்டது. இனி எந்தத் திட்டத்திலும் எந்த அறிக்கையிலும் கையெழுத்திடக் கூடாதவர்கள் என்று இரண்டு பெயர்கள். என் பெயர் முதலில், அவன் பெயர் அடுத்து. இந்த முறை ஆண்டு எதுவும் குறிப்பிடவில்லை. பழைய சாயப்பட்டறை விவகாரத்தைத் திரும்ப எடுப்பதாக ஒரு வரி இருக்கிறது.

கம்பெனி நட்ட ஈடு தர வேண்டும் என்றும் உத்தரவு. சுடலைக்கண்ணுவின் பேர் அதில் சரியாக இருக்கிறதா என்று மூன்று முறை பார்த்தேன்.

லேபில் என் மேஜையைக் காலி செய்தேன். கிருபாகரன் சார் வரவில்லை.

ஜனவரி 8, ஞாயிறு

காலை பஸ்ஸில் அம்பாசமுத்திரம் தாண்டி இறங்கி, விசாரித்து விசாரித்துப் போனேன். வயல் நடுவில் புதுப் பட்டி. வாத்துகள் இருநூறுக்குள் இருக்கும். சிலவற்றை வேலிக்குள் தனியாக அடைத்து, ஒவ்வொன்றாகப் பிடித்துத் தொண்டைக்குள் தீனி ஊட்டிக்கொண்டிருந்தார். கண் தெரியாதவை. அவர் காலில் புதுத் தோல் இளஞ்சிவப்பாக ஏறியிருந்தது.

"வாங்கம்மா," என்று எழுந்தார். "கேள்விப்பட்டேன். அவன ஒரு வழி பண்ணிட்டீங்களாமே. நான் அன்னைக்கே சொன்னேம்லா, அந்த அம்மா அப்படிப்பட்டவுக இல்லன்னு."

இதோடு திரும்பியிருக்கலாம். திரும்பவிடாமல் ஏதோ ஒன்று பிடித்து நிறுத்தியது. உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பழைய லேப், சேற்றைக் கிளறியது, அதனால் வேலை நின்றது, நின்றதால் அவசரம், அவசரத்தில் ஒரே குழி, 11.7, 7.9, என் கையெழுத்து. அவர் மடியில் இருந்த வாத்தை விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

"அவன் ஒங்களுக்குச் செஞ்சது பெரிய அநியாயம்," என்றார் கடைசியில்.

"ஆமா அண்ணாச்சி."

"அவனப் பழிவாங்கணும்னு நெனச்சதுலயும் தப்பு இல்ல."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் வாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாயைப் பிளந்து ஒரு விரல் அளவு தவிட்டு உருண்டையை உள்ளே தள்ளி, கழுத்தை மேலிருந்து கீழாக நீவிவிட்டார்.

"ஒங்க ரெண்டு பேரு சண்டையில எம் வாத்து என்னம்மா செஞ்சுது?"

கோபமாகக் கேட்கவில்லை. பதில் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மடியில் இருந்த வாத்தை வேலிக்குள் விட்டுவிட்டு, அடுத்த வாத்தைப் பிடிக்க எழுந்து போனார்.